கியர்பாக்ஸை இறக்கும் முன்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் இருக்கிறது மண்டகப்பட்டு. அந்தத் தடத்தில் பழைய வண்டிகளுக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் மூட்டை ஏற்றிப் போகும் டிராக்டர், காய்கறி சுமக்கும் டாடா ஏஸ், கல்யாணத்துக்கு ஆள் ஏற்றும் பொலிரோ, கடைச் சரக்கு கொண்டுவரும் ஆம்னி என்று பத்துப் பதினைந்து வயதைக் கடந்தவை பல குடும்பங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கின்றன. அமாவாசையன்று மேல்மலையனூருக்கும் பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்கும் கூட்டம் திரளும்போது செஞ்சியைச் சுற்றியுள்ள சாலைகளில் வண்டிகள் ஊர்ந்துதான் போக முடியும். ஊர்ந்து போகும் வண்டியில் ஓட்டுநரின் இடது காலுக்கு ஓய்வே இராது. இத்தகைய வண்டிகளில் அடிக்கடி எழும் புகார் ‘கிளட்ச் சரியில்லை’ என்பது. அதற்குப் பட்டறையில் கிடைக்கும் பதிலும் பழகிப்போனது: கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றிவிடலாம். இந்தப் பதில் சில வேளை சரியானது. ஆனால் பெடலில் தெரியும் கோளாறுகள் பல கியர்பாக்ஸுக்கு வெளியே, கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்திலேயே பிறக்கின்றன. அவற்றை ஒரு ஸ்கேலும் ஒரு துணை ஆளும் இருந்தால் அரை மணி நேரத்தில் பிரித்தறிந்துவிடலாம். அப்படிப் பிரித்தறியாமல், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைத் திறப்பது வண்டிக்காரரின் பணத்தையும் மெக்கானிக்கின் பெயரையும் சேர்த்தே கெடுக்கிறது. இந்தக் கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

பெடலுக்கும் பிளேட்டுக்கும் நடுவே நடப்பதைக் கணக்காகப் பார்த்தால் பாதிச் சிக்கல் அவிழும். இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே கிளட்ச் பிளேட் நெருக்கிப் பிடிக்கப்பட்டிருக்கிறது. பெடலை மிதித்தால் அந்தப் பிடி விலக வேண்டும். எவ்வளவு தூரம்? ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர்தான். எடுத்துக்காட்டாக ஒரு ஹைட்ராலிக் அமைப்பை வைத்துக்கொள்வோம். பெடல் 140 மி.மீ. கீழே போகிறது. பெடலின் நெம்பு விகிதம் ஆறு என்றால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் நகர்வது 23 மி.மீ. மாஸ்டரின் உள்விட்டம் 15.87 மி.மீ., கீழே கியர்பாக்ஸ் ஓரத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் உள்விட்டம் 19.05 மி.மீ. என்றால் ஸ்லேவின் கம்பி வெளியே வருவது 16 மி.மீ. ஃபோர்க் அதைப் பாதியாக்கி ரிலீஸ் பேரிங்கை 8 மி.மீ. தள்ளும். டயாஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் அதையும் நான்கில் ஒன்றாக்கி பிரஷர் பிளேட்டை 2 மி.மீ. விலக்கும். வண்டிக்கு வண்டி எண்கள் மாறினாலும் போக்கு மாறாது: காலடியில் எழுபது மில்லிமீட்டர் என்பது உள்ளே ஒரே ஒரு மில்லிமீட்டர். அந்த இரண்டு மில்லிமீட்டரிலும் ஏறத்தாழப் பாதியை, கிளட்ச் பிளேட்டின் இரு லைனிங்குகளுக்கு நடுவே உள்ள அலைத்தகடுகள் விரிந்து எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் இடைவெளி. வண்டி கியருக்குக் கியர் சத்தமில்லாமல் மாறுவது இந்த அரை மில்லிமீட்டரை நம்பித்தான்.

இதே கணக்கை எண்ணெய் அளவாக மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவு. ஒரு முழு மிதிக்குக் குழாயில் நகரும் எண்ணெய் ஐந்து மில்லிலிட்டருக்கும் குறைவு, ஒரு தேக்கரண்டி. அந்தத் தேக்கரண்டியில் ஒரு மில்லிலிட்டர், காற்றுக் குமிழ் அமுங்குவதிலோ, பழைய ரப்பர் ஹோஸ் உப்புவதிலோ, சிலிண்டருக்குள் தேய்ந்த ரப்பர் வாஷரைத் தாண்டிப் பின்னால் கசிவதிலோ போனால் நகர்வில் ஐந்தில் ஒரு பங்கு தொலைந்தது. உள்ளே அது 0.4 மி.மீ. பக்கத்துக்கு அரை மில்லிமீட்டராக இருந்த இடைவெளி 0.3 ஆகச் சுருங்கிவிடும். பிளேட்டில் இயல்பாக இருக்கும் சிறு நெளிவே போதும், அது ஃப்ளைவீலை உரசிக்கொண்டே சுழல. ஃபர்ஸ்ட் கியர் முரண்டு பிடிக்கும். ரிவர்ஸ் கரகரவென்று கத்தும். பிளேட் போய்விட்டது என்று தோன்றும் இந்த நிலையில் பிளேட் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம். குறை அந்தத் தேக்கரண்டியில்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, கோளாறு எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்பதே. எல்லை என்று இங்கே சொல்வது பெல் ஹவுசிங்கிலிருந்து ஃபோர்க் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தை. அதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, அதற்குக் கருவியே வேண்டாம். இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பார்க்க வேண்டும். இன்ஜின் நின்றிருக்கும்போதும் கியர் முரண்டு பிடித்தால் குற்றம் கியர் லீவரின் இணைப்புகளிலோ புஷ்களிலோ இருக்கிறது. கிளட்சைத் தொட வேண்டியதே இல்லை. இன்ஜின் நின்றபோது வெண்ணெயாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் மறுத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். அடுத்தது பெடலின் அடி. தடித்த கயிற்றுப் பாயோ, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட ரப்பர் மேட்டோ பெடலைக் கடைசி 20 மி.மீ. போகவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கலாம். மேலே பார்த்த கணக்கில் 20 மி.மீ. என்பது உள்ளே 0.3 மி.மீ. ஒரு பாயை எடுத்துப் போட்டதும் கியர் விழுந்துவிடக்கூடிய வண்டியின் கியர்பாக்ஸை இறக்கிவிட்டால் அதைவிட வீண் வேலை வேறில்லை.

இவை தேறிய பிறகு எல்லைச் சோதனை. ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை அடி வரை மிதிக்க, மற்றவர் கீழே ஸ்லேவின் கம்பியோ கேபிளின் முனையோ எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் அந்த அளவு இருந்தால் அதோடு ஒப்பிடலாம். இல்லையென்றால் அதே மாடலில் நன்றாக ஓடும் இன்னொரு வண்டியின் அளவோடு ஒப்பிடலாம். செஞ்சி போன்ற ஊரில் அதே மாடல் இன்னொன்று கிடைப்பது கடினமில்லை. நகர்வு குறைவாக இருந்தால் கோளாறு வெளியே: பெடல், கேபிள், மாஸ்டர், ஹோஸ், ஸ்லேவ் இவற்றில் ஒன்று. நகர்வு முழுதாக இருந்தும் கிளட்ச் விடவில்லை என்றால்தான் உள்ளே போக உரிமை பிறக்கிறது. இந்த ஓர் அளவு, புகாரை இரண்டாக வெட்டிவிடுகிறது. மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணம் இல்லாமல் எடுத்தது என்று, இல்லாதவற்றைச் சொல்லியே அந்தக் கோயில் எது என்று காட்டுகிறது. பழுது பார்ப்பதிலும் இதே முறை செல்லும். எது இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கினால் எஞ்சுவதே காரணம்.

நகர்வு குறைவு என்று தெரிந்த ஹைட்ராலிக் வண்டியில், பொலிரோ, சுமோ போன்றவற்றில், அடுத்த சாட்சி எண்ணெய் டப்பா. இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிரேக் லைனிங் தேயத் தேய டப்பாவில் எண்ணெய் இறங்கும், அது இயல்பு. கிளட்சில் நேர்மாறு. கிளட்ச் பிளேட் தேயும்போது டயாஃப்ரம் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கம் தள்ளி வரும், பேரிங் பின்னால் போகும், ஸ்லேவ் பிஸ்டன் உள்ளே ஒடுங்கும், எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பும். ஆகவே பிளேட் தேய்ந்தால் அளவு சற்று ஏறத்தான் செய்யுமே தவிர இறங்காது. கிளட்சுக்குத் தனி டப்பா உள்ள வண்டியில் எண்ணெய் குறைந்தால் அது கசிவு. வேறு விளக்கமே இல்லை. கசிவும் எங்கே என்று தானே காட்டிக்கொடுக்கும். மாஸ்டரின் பின்பக்க வாஷர் போயிருந்தால் பெடலின் கம்பி வழியே ஒழுகி ஓட்டுநரின் கால் பக்கத்து மேட்டை நனைக்கும். கிளட்ச் குழாயில் இருப்பதும் பிரேக் ஆயில்தான்; அது பட்ட இடத்தில் பெயின்ட் உப்பி உரியும். ஸ்லேவ் போயிருந்தால் அதன் ரப்பர் உறையை விலக்கியதும் சொட்டும். அளவு குறையவே இல்லை, ஹோஸும் உப்பவில்லை, ஆனாலும் பெடல் தொய்ந்து போகிறது என்றால் பெரும்பாலும் இரண்டு வழி: காற்று புகுந்திருக்கிறது, அல்லது மாஸ்டருக்கு உள்ளேயே எண்ணெய் வாஷரைத் தாண்டித் திரும்புகிறது. இரண்டையும் பிரிக்கவும் கால் போதும். நான்கைந்து முறை வேகமாக மிதித்ததும் பெடல் கெட்டிப்பட்டு கியர் விழுந்தால் காற்றைச் சந்தேகிக்கலாம். மிதித்த பெடலை அப்படியே பிடித்திருக்கும்போது அது மெல்ல மெல்ல அமிழ்ந்தாலோ, கியரில் நிற்கும் வண்டி அரை நிமிடத்தில் முன்னால் நகரப் பார்த்தாலோ மாஸ்டருக்குள் கசிவு. இதைச் செய்யும்போது வண்டிக்கு முன்னே யாரும் நிற்கக் கூடாது.

மாஸ்டருக்கு ரப்பர் கிட் சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். அதைப் போட்ட இரண்டு மாதத்தில் மறுபடி கசிந்தது, ஆகவே வெளியே பார்ப்பது வீண் என்று ஒரு வாதம் எழலாம். அந்த அனுபவம் உண்மைதான். ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் இயல்புள்ளது. இந்தப் பக்கத்து மழைக்காலத்தில் பல வருடம் மாற்றாமல் விட்ட எண்ணெயில் நீர் சேர்ந்து சிலிண்டரின் உட்சுவரைத் துரு குழிகுழியாக்கும். குழி விழுந்த சுவரில் புது வாஷர் அரத்தில் தேய்த்ததுபோல் கிழியும். கிட் மாற்றுவதற்கு முன் சிலிண்டரைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குழி தட்டுப்பட்டால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். ஈரம் சேர்வதன் இன்னொரு விளைவு கொதிநிலை இறங்குவது. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140. டாட் 4 வகைக்கு 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுவே. இதைவிடக் கொடியது, குறைந்த டப்பாவில் கைக்குக் கிடைத்த இன்ஜின் ஆயிலை ஊற்றுவது. கனிம எண்ணெய் பட்ட வாஷர்கள் உப்பி நெளிந்துவிடும். பிறகு மேலிருந்து கீழ்வரை ரப்பர் அத்தனையும் மாற்ற வேண்டும். சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் டப்பா ஒன்றே. அங்கே கிளட்ச் கசிவு என்பது பிரேக்கையும் தொடும் ஆபத்து. அதைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமை இல்லை.

கேபிள் வண்டிகளில், மாருதி 800, ஆம்னி போன்றவற்றில், சாட்சி வேறு: பெடலின் ஃபிரீ பிளே. விரலால் அழுத்தினால் எடையே இல்லாமல் இறங்கும் அந்த முதல் தூரம், பல வண்டிகளில் 15 முதல் 25 மி.மீ. கேபிள் இழுபட்டால் இது கூடும். பிளேட் தேய்ந்தால் குறையும். முன் சொன்ன எழுபதுக்கு ஒன்று கணக்கில், 20 மி.மீ. ஃபிரீ பிளேயைத் தின்றுவிட லைனிங் 0.3 மி.மீ. தேய்ந்தாலே போதும். கேபிள் கிளட்சை அவ்வப்போது சரிசெய்யச் சொல்வது இதனால்தான். ஃபிரீ பிளே இல்லாமல் போனால் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்தியபடி இருக்கும், பிளேட்டின் பிடி தளரும், வண்டி ஏற்றத்தில் வழுக்கும். இந்த நிலையில் நட்டை நான்கு சுற்று தளர்த்தினாலே வழுக்கல் நின்றுவிடலாம். தளர்த்தாமல் ஓட்டினால் ஒரு மாதத்தில் நிஜமாகவே பிளேட் எரிந்து, கியர்பாக்ஸ் இறங்கியே தீரும். பெடல் கடினமாகிவிட்டது என்ற புகாரிலும் கேபிளே முதல் குற்றவாளி. உள்ளே ஒவ்வோர் இழையாக அறுந்துவரும் கம்பி உறையில் சிராய்க்கும். சைலன்சர் குழாய்க்கு அருகே போன உறை உருகி ஒட்டும். இன்ஜின் மவுன்ட் ரப்பர் உடைந்தால் இன்ஜின் சாய்ந்து கேபிளின் வளைவே மாறும். பலரும் நினைத்துப் பார்க்காத ஒரு காரணமும் இருக்கிறது. இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்திருப்பதால் அதை பாடியோடு இணைக்க ஓர் எர்த் ஒயர் உண்டு. அது துருப்பிடித்தோ அறுந்தோ போனால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் கிளட்ச் கேபிள் வழியாகவும் ஓடப் பார்க்கும். கம்பி சூடேறி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உருகி, கேபிள் இறுகும். மாற்றிய கேபிளும் சீக்கிரமே இறுகினால் கேபிள் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் அந்த எர்த் ஒயரைத் தேடிப் பார்க்க வேண்டும்.

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று, கிளட்ச் வழுக்குவது. இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. தேய்ந்த பிளேட்டைத் தவிர வேறென்ன இருக்க முடியும் என்று கேட்பார்கள். ஹைட்ராலிக் வண்டியிலும் வெளிக் காரணம் இருக்க முடியும். மாஸ்டர் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வந்தால்தான் டப்பாவுக்குப் போகும் சிறு துளை திறக்கும். பெடல் கம்பியைச் சரிசெய்யும்போது ஒரு சுற்று அதிகமாக நீட்டிவிட்டால் அந்தத் துளை மூடியே இருக்கும். வண்டி ஓடிச் சூடேறும்போது குழாயில் அடைபட்ட எண்ணெய் விரிந்து, யாரும் மிதிக்காமலே ஸ்லேவைத் தள்ளும். காலையில் நன்றாகப் போன வண்டி மதியம் வழுக்கும், ஆறியதும் சரியாகிவிடும். உட்புறம் சிதைந்து அடைத்துக்கொண்ட ஹோஸும் இதே வேலையைச் செய்யும்: எண்ணெய் போகும், திரும்பி வராது. சோதனை எளிது. வழுக்கும் நேரத்தில் ஸ்லேவில் காற்றை வெளியேற்ற உள்ள பிளீடர் நட்டைச் சற்றுத் தளர்த்த வேண்டும். எண்ணெய் பீய்ச்சி அடித்து, வழுக்கலும் நின்றால் குற்றம் வெளியே. வெறுமனே கசிந்து, வழுக்கல் தொடர்ந்தால் பிளேட் தேய்ந்ததை நம்பலாம். பிளேட் உண்மையில் தேய்ந்திருந்தால் இன்னொரு அறிகுறியும் கூடவே வரும். டயாஃப்ரம் வகை கிளட்சில் பிளேட் தேயும்போது விரல்களின் நிலை மாறி, பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கனக்கும். பெடல் மாதக்கணக்கில் கனத்துவந்து, பிறகு வழுக்கவும் தொடங்கினால் அங்கே விவாதத்துக்கு இடமில்லை.

சத்தங்களுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். பெடலை மிதித்ததும் எழும் சத்தம் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங்கினுடையது. நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது கேட்டு, மிதித்ததும் அடங்கினால் அது கியர்பாக்ஸின் முன் தண்டு பேரிங். மிதித்து, கியரும் போட்டு நிற்கும்போது மட்டும் கேட்டால் ஃப்ளைவீலின் நடுவே உள்ள பைலட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்; அப்போதுதான் அதன் உள்ளும் வெளியும் வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. இவை மூன்றும் உள்ளே உள்ளவை. திறந்தே ஆக வேண்டும். கிளம்பும்போது வண்டி நடுங்கினால், உடைந்த இன்ஜின் மவுன்ட்டை விலக்கிவிட்டு, பிளேட்டில் எண்ணெய் பட்டிருப்பதை எதிர்பார்க்கலாம். அந்த எண்ணெய் இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலிலிருந்தா கியர்பாக்ஸ் சீலிலிருந்தா என்று பார்த்து அதையும் மாற்றாமல் புது பிளேட் போடுவதில் பயனில்லை. டிராக்டருக்கு மட்டும் ஒரு சொல். இரட்டைக் கிளட்ச் உள்ள டிராக்டரில் பெடலின் முதல் பாதி சக்கரத்துக்கும் மறுபாதி, பூட்டிய கருவிகளை இயக்கும் தண்டான பி.டி.ஓ.வுக்கும் உரியது. பி.டி.ஓ. நிற்கவில்லை என்று பெடலை இறுக்கிவைத்தால் சக்கரப் பக்கம் வழுக்கத் தொடங்கும். இரண்டையும் தனித்தனியே அளந்தே சரிசெய்ய வேண்டும். மழைக்காலம் முழுக்க நிறுத்திவைத்த வண்டியில் பிளேட் துருவால் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. பெடல் நகர்வு அத்தனையும் சரி, கிளட்ச் மட்டும் விடவே இல்லை என்றால், எத்தனை நாள் நின்ற வண்டி என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, அனுபவமுள்ள மெக்கானிக்குக் காலை வைத்ததுமே தெரியும், ஸ்கேல் எதற்கு என்பது. அனுபவத்தை நான் மதிக்கிறேன். சத்தத்தையும் வாடையையும் கொண்டு நோயைச் சொல்பவர்கள் சிற்றூர்ப் பட்டறைகளில் இருக்கிறார்கள். ஆனால் கால் உணர்வது மொத்தக் கூட்டுத்தொகையை. தேய்ந்த பெடல் பின்னில் 5 மி.மீ., உப்பிய ஹோஸில் 10 மி.மீ., காற்றில் 10 மி.மீ. என்று மூன்று சிறு இழப்புகள் சேர்ந்ததா, ஒரே பெரிய இழப்பா என்று எந்தக் காலாலும் பிரிக்க முடியாது. பழைய வண்டியில் பெரும்பாலும் சிறு இழப்புகளே கூட்டாக வருகின்றன. மிதிக்கும்போது பெடல் தொங்கும் தகடே வளைவதும் உண்டு. பல வருட மிதியில் தகட்டில் விரிசல் விட்டிருக்கும். ஒருவர் மிதிக்க இன்னொருவர் பானெட்டைத் திறந்து மாஸ்டர் அசைகிறதா என்று பார்த்தால்தான் அது தெரியும்.

இரண்டாவது வாதம் கூலியைப் பற்றியது. அதில் நியாயம் உண்டு. கியர்பாக்ஸை இறக்க ஒரு நாள் வேலை. இறக்கியபின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டால் மறுகூலி மிச்சம். இறக்கியே ஆக வேண்டிய வண்டியில் இது முழு உண்மை. அரைத் தேய்மானப் பிளேட்டை மறுபடி வைத்து மூடுவது கஞ்சத்தனம், நானும் அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வாதம் இறக்கியபின் என்ன செய்வது என்பதற்குப் பதில் சொல்கிறதே ஒழிய, இறக்கலாமா என்ற கேள்விக்கு அல்ல. தவிர, கிளட்ச் செட் மாற்றுவதே வெளியே உள்ள பழசைக் கெடுப்பதும் நடக்கிறது. பிளேட் தேய்ந்திருந்த காலமெல்லாம் ஸ்லேவ் பிஸ்டன் சிலிண்டரின் உட்பகுதியில் ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பிளேட் போட்டதும் அது வெளிப்பக்கம் தள்ளி, பல வருடமாக வாஷர் தொடாத, துருவும் அழுக்கும் படிந்த பகுதியில் ஓட நேர்கிறது. சில வாரத்தில் ஸ்லேவ் ஒழுகும். புது செட் போட்டும் சரியாகவில்லை என்ற புலம்பலுக்கு இது ஒரு காரணம். ஆகவே உள்ளே மாற்றும்போதும் வெளியே பார்த்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, வாடகை வண்டிக்காரரின் வாதம். பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, இன்றைய சவாரி போய்விடும், எதையாவது மாற்றி அனுப்புங்கள் என்கிறார். அன்றாடம் ஓட்டிப் பிழைப்பவரின் அவசரத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இங்கே சொன்ன சோதனைகள் எல்லாம் சேர்ந்தாலும் கியர்பாக்ஸ் இறக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. அவசரப்படுபவருக்கே இந்த வரிசை அதிகம் தேவை.

பழைய வண்டிக்கு எதையும் தேவையின்றி மாற்றக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுவிட்டது. இத்தகைய வண்டிகளுக்கு நாள் போகப் போக நல்ல உதிரிபாகம் கிடைப்பது அரிது. பெயர் மட்டும் அச்சிட்ட போலிகள் எளிது. நன்றாக இருக்கும் பழைய பிரஷர் பிளேட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தரம் தெரியாத புதியதைப் போடுவது முன்னேற்றம் அல்ல. திறந்தே ஆக வேண்டிய வண்டியில் உயிரோடு தொடர்புள்ள ஓர் எச்சரிக்கையும் சேரும். பழைய கிளட்ச் லைனிங்குகளில் கல்நார் இருந்திருக்கலாம். பெல் ஹவுசிங்கில் படிந்த கரிய தூளை ஏர் கம்ப்ரஸரால் ஊதக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரக்கூடியது. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். பட்டறையில் அந்தத் தூளுக்கு மிக அருகில் நிற்பவர் வேலை கற்றுக்கொள்ளும் பையன்தான்.

வண்டி வைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த முறை கியர்பாக்ஸ் இறக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் மறுக்க வேண்டாம், சண்டையும் வேண்டாம். ‘அண்ணே, பெடலை மிதிக்கிறேன், கீழே கம்பி எவ்வளவு வருதுன்னு ஒரு தடவை அளந்து சொல்லுங்க’ என்று கேளுங்கள். அந்த எண்ணை வண்டியின் சர்வீஸ் நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.